ரப்பர் மரங்களுக்கு மேலே மூன்று வெளிச்சங்கள்

வானத்தில் ஏதோ வெளிச்சம் தெரிந்ததாம் என்று தொழிற்சாலையில் யாராவது கைப்பேசியை நீட்டினால், எட்டிப் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுவேன். பத்து வயதில், பாலோ என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், நானும் பார்த்திருக்கிறேன்.

பள்ளி விடுமுறையில், அங்கே பால்வெட்டும் அத்தையுடன், கிண்ணங்களில் உறைந்துகிடக்கும் கட்டிப்பால் எடுக்கப் போவேன். அப்பாவின் தங்கை அவர். அப்போது கல்யாணம் ஆகவில்லை. ஒருநாள் விடியுமுன் மேட்டுப் பக்கம் மூன்று வெளிச்சங்கள் தெரிந்தன. யாரோ நெற்றி விளக்கோடு எங்களுக்கு முன்பே பால்வெட்ட வந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் அவை மரங்களுக்கு மேலே இருந்தன. ஆடவில்லை, சத்தமில்லை. நான் அத்தையின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவரோ கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் மூன்றும் ஒன்றாக அணைந்தன.

அன்றே அத்தை, வெட்டிய பாலை நிறுக்கும் பால் ஸ்டோரில் இதைச் சொன்னார். நான் கூச்சத்தில் வாய் திறக்கவில்லை. சாயங்காலத்துக்குள் மூன்று பத்தாகி, சிவப்பாகி, கோயில் பக்கம் இறங்கியும்விட்டது. அத்தை ஒவ்வொருவரையும் திருத்தினார். “பத்து இல்லக்கா, மூணு. வெள்ளைதான். எங்கயும் இறங்கல.” அடுத்த வாரம், அந்தப் பெண்ணுக்குக் காற்று கருப்பு பட்டிருக்கிறது என்று பேச்சானது.

அந்த நேரம் பார்த்து பெக்கோக் ஊரிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். அத்தைக்கும் அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது.

“கேட்டா ப்ளேன்னு சொல்லிடு லா,” என்று அப்பா கெஞ்சினார்.

“ப்ளேன்னா நகரும்லண்ணே.”

தேநீரை எடுத்துக்கொண்டே மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். “என்னமோ வெளிச்சம் பாத்தியாமே?”

“ஆமாங்க. மூணு.”

“கூட யாராச்சும் பாத்தாங்களா?”

நான் கதவோரம் நின்றிருந்தேன். இதோ என் பெயரைச் சொல்லப்போகிறார், எல்லாரும் என்னைப் பார்க்கப்போகிறார்கள் என்று காது சூடானது. அத்தை ஒருமுறை என்னைப் பார்த்தார்.

“இல்லீங்க. நான் மட்டுந்தான்.”

பெக்கோக்கிலிருந்து பதில் வரவில்லை. தோட்டத்தில் பல நாள் அத்தையை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். என்னை யாரும் அப்படிப் பார்க்கவில்லை. ஒன்றைக் கூட்டியும் சொல்லாத, குறைத்தும் சொல்லாத அத்தை சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அதுதான்.

அவர்கள் வந்துபோன பின் நான் இரண்டு நாள் அத்தையுடன் பேசவில்லை. நானும் பார்த்த வெளிச்சத்தை அவர் தனக்கே வைத்துக்கொண்டார் என்று அப்போது எனக்குக் கோபம்.