பதில் இல்லையென்றால் சம்மதம்

வேங்கிக்கால் பக்கம் எங்கள் குடியிருப்பில் முப்பத்தாறு வீடுகள். சங்கக் கூட்டத்துக்கு ஏழெட்டுப் பேர்தான் வருவார்கள். அதனால் தீர்மானங்களைப் போனிலேயே முடிவு செய்ய ஒரு செயலியைக் கொண்டுவந்தோம். ஒருவர் தீர்மானம் போடுவார், இன்னொருவர் வழிமொழிவார், மற்றவர்கள் ஒரு நாளுக்குள் வாக்களிக்க வேண்டும். செயலாளர் நான். பாதிப் பேர் எதற்குமே பதில் போடுவதில்லை என்பதால், பதில் வராவிட்டால் சம்மதம் என்று விதி எழுதினேன். முடிந்த தீர்மானத்தை ஆறு மாதத்துக்குத் திரும்ப எடுக்கக் கூடாது என்று எழுதியதும் நான்தான்.

பூங்கா ஓரத்தில் ஒரு பெண் இஸ்திரி வண்டி போட்டிருந்தார். அதை அப்புறப்படுத்த வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. நாள் பார்க்காமல் அன்று காலையே வாக்கெடுப்பைத் திறந்துவிட்டேன். அன்று பௌர்ணமி. குடியிருப்பில் பாதிப் பேர் கிரிவலம் போய்விட்டார்கள். நானும் போனேன். பாதையில் கூட்டத்தால் நெட்வொர்க் இல்லை. மறுநாள் காலை பார்த்தபோது ஆதரவு மூன்று, எதிர்ப்பு இரண்டு, சம்மதம் முப்பத்தொன்று. தீர்மானம் நிறைவேறியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வழக்கத்தைவிட ஜாஸ்தி பேர் வந்தார்கள்.

"நான் வேணாம்னுதான் போட இருந்தேன். அடி அண்ணாமலை தாண்டறப்ப போன் செத்துப்போச்சு" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"சும்மா இருந்தா சம்மதம்னு எந்தப் புண்ணியவான் எழுதினான்?"

"பக்கத்துல உக்காந்திருக்காரு பாருங்க."

சிரித்தார்கள். "கையைத் தூக்கச் சொல்லி இப்பவே மாத்திடுங்க சார்" என்றார் ஒருவர். ஒரு முறை விட்டுக்கொடுத்தால் அப்புறம் ஆறு மாத விதிக்கு மதிப்பிருக்காது என்றேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

அந்தப் பெண்ணிடம் சொல்லப் போனதும் நான்தான்.

"எத்தனை பேரு சார் என்னைப் போவச் சொன்னாங்க?"

"மூணு பேரும்மா. ரெண்டு பேரு இருக்கட்டும்னாங்க."

"மத்தவங்க?"

"ஒண்ணும் சொல்லல."

வண்டியில் அடுக்கியிருந்த துணி மூட்டைகளைக் காட்டினார். "ஒண்ணும் சொல்லாதவங்க துணிதான் சார் இது அத்தனையும். முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன்."

மறுநாள் மதியத்துக்குள் எல்லாவற்றையும் தேய்த்து வீடு வீடாகக் கொடுத்துவிட்டு, கலெக்டர் ஆபீஸ் பக்கமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். வேறு இடம் பார்த்திருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. தீர்மானம் செயல்படுத்தப்பட்டதா என்று செயலி கேட்டது. ஆம் என்று பதிவு செய்தேன்.