ஈப்பொறிச் செடியில் விரல் வைக்காதீர்

பூச்சி தின்னும் செடி விற்பவனிடம் யாரும் முதலில் விலை கேட்பதில்லை, "ஆளைத் துன்னுமா?" என்றுதான் கேட்கிறார்கள். என்னைப் போலக் கடை வைத்து அல்லல்படும் வியாபாரிகளுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மனைவி போன பிறகு வீட்டில் பேச்சுத்துணை இல்லாமல்தான் வடசென்னைக் காலடிப்பேட்டையில் இந்தக் கடையைத் திறந்தேன். அதனால் எவ்வளவு அசட்டுக் கேள்விக்கும் நீட்டி முழக்கித்தான் பதில் சொல்வேன்.

நெத்திலி விருந்து

காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாள் ஒருவர் ஈத்தொல்லைக்காகக் குடுவைச் செடி வாங்கினார். குடுவையின் விளிம்பில் தேன் ஊறும், நக்க வரும் ஈ வழுக்கி உள்ளே விழும், அடியில் இருக்கும் சாறு அதை மெல்லக் கரைக்கும் என்று அரைமணி நேரம் விளக்கினேன். அவரோ செடி பசியோடு இருக்குமே என்று இரக்கப்பட்டு முழு நெத்திலி ஒன்றை உள்ளே போட்டுவிட்டார். குடுவை அழுகி நாறியது. மறுவாரம் செடியோடு வந்து நின்றார்.

"இது ஒரு ஈயைத் துன்றதுக்குள்ள ஒம்போது ஈயை இட்டாந்துகீது அண்ணாத்தே!"

ஏசி தண்ணீர்

எங்கள் பக்கத்துத் தண்ணீர் உப்பு. இந்தச் செடிகளுக்கு அது ஆகாது. மழைநீர் வேண்டும், இல்லையென்றால் ஏசியில் சொட்டும் நீர். எதிரே செல்போன் கடை வைத்திருக்கும் பாயிடம் தினமும் கேனோடு போவேன். பெருநாளன்று வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். குடும்பம் குடும்பமாக வருகிறவர்கள் நடுவே ஒற்றை ஆளாக உட்கார மனம் வரவில்லை. வேலை இருக்கிறது என்றேன். மறுநாள் கேனோடு போனேன்.

"ஏசி தண்ணிக்குன்னா தெனம் வர்றீங்க. பிரியாணிக்குக் கூப்ட்டா மட்டும் வேலை வந்துடுதாண்ணே?"

கருகிய இலைகள்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் ஈப்பொறிச் செடி வாங்கிப் போனார். தனி ஆள். ஒரு மாதத்தில் இலையெல்லாம் கருகிய செடியோடு திரும்பி வந்தார்.

இலைக்குள் மெல்லிய முடிகள் இருக்கும். ஈ அவற்றை அடுத்தடுத்து இரண்டு முறை தொட்டால் இலை மூடிக்கொள்ளும்; ஈ துடிக்கத் துடிக்க இறுகும்; சாறு சுரந்து ஒரு வாரம், பத்து நாள் செரிக்கும். இரையில்லாமல் சும்மா சும்மா மூட வைத்தால் நாலைந்து தடவையில் இலை ஓய்ந்து செத்துவிடும். 'விரல் வைக்காதீர்' என்று கடையில் பலகையே மாட்டியிருக்கிறேன். அதைக் காட்டி அவரிடம் கத்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"தெரியும் நைனா. ஆனா நம்ம வூட்ல என் வெரலைப் புட்ச்சிக்கிறது அது ஒண்ணுதான்."

அந்தப் பலகையை எழுதியவன் நான்தான். தினமும் கடை திறந்ததும் முதலில் விரல் வைக்கிறவனும் நான்தான்.