ஒன்பதாவது வட்டம்

நாடு தலை நிமிர்ந்த வாரத்தில் என் தலை இடது பக்கமாகத் திரும்பிக்கொண்டது. சுதந்திரம் எப்போது வரும் என்று அறிவிக்கப் போவதாகக் கேள்விப்பட்டு, பண்டார் ஹிலிர் திடலில் கூடிய கூட்டத்தில் நானும் இருந்தேன். எனக்கு முன்னால் நின்ற அத்தனை பேரும் உயரம். சைக்கிள் கேரியர்மேல் ஏறி, ஒரு கையால் மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கழுத்தை எட்டி நீட்டியதில், மேடையில் பேசியவரின் தொப்பி நுனி தெரிந்தது. மறுநாள் காலையில் கழுத்து அதே கோணத்தில் நின்றுவிட்டது.

ரப்பர் கடையில் கணக்கெழுதும் கிராணியான எனக்கு இது பெரிய இடையூறு இல்லை. மேசையைச் சற்றுத் திருப்பிப் போட்டுக்கொண்டால் போதும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு. எனக்கு முப்பத்தொரு வயது. ஏற்கெனவே இரண்டு வீடுகளில் என்னை நேரில் பார்த்தபிறகு ஜாதகம் பொருந்தவில்லை என்று கண்டுபிடித்திருந்தார்கள். இதுவும் நழுவினால் இனி எவர் வீட்டுக் கேசரியையும் தொடமாட்டேன் என்று அக்காள் சொல்லிவிட்டாள். பெண் எனக்கு வலப்பக்கம் வந்து நின்றால் நான் அலமாரியைத்தான் பார்த்து முடிவு சொல்ல வேண்டியிருக்கும்.

அக்காள் மூன்று நாள் எண்ணெய் தேய்த்தாள். கழுத்து வழுக்கியதே தவிரத் திரும்பவில்லை. வெள்ளிக்கிழமை அவளிடம் சொல்லாமல், காஜா பேராங்கில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்த சின்சேயிடம் போனேன். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வேர், ஒரு பட்டை, அல்லது ஒரு காலத்தில் ஓடித்திரிந்த ஏதோ ஒன்று. சீன வைத்தியர் மூன்று விரலால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். பிறகு நாக்கை நீட்டச் சொன்னார். கழுத்து வலிக்கு நாக்கு எதற்கு என்று கேட்க மலாய் வார்த்தை தேடுவதற்குள் நாக்கு வெளியே வந்துவிட்டது.

“அங்கின் மாசோக்,” என்றார். காற்று உள்ளே புகுந்துவிட்டதாம்.

குப்புறப் படுக்க வைத்தார். சிறு கண்ணாடிக் குவளைக்குள் நெருப்பைக் காட்டி எடுத்து, ‘பொக்’கென்று முதுகில் கவிழ்த்தார். சதை குவளைக்குள் எழும்பிக்கொண்டு போனது. முதுகில் எட்டு, கழுத்தடியில் ஒன்று. கால்மணி நேரம் கடைக்கு வந்தவர்கள் எல்லாம் என்னைச் சுற்றி நின்று மருந்து வாங்கினார்கள். குவளைகளைப் பிடுங்கிய கையோடு தாடையைப் பற்றி ஒரு திருப்பு. ‘டக்’. உலகத்தின் வலது பாதி எனக்குத் திரும்பக் கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்காள் சந்தோஷப்பட்டாள். “பாத்தியா, என் எண்ணெய்!” என்றாள். நான் மறுக்கவில்லை.

ஞாயிறன்று வாடகைக் காரில் ஜாசின் பக்கம் போகும்போதுதான் பெண்ணின் தகப்பனாரைப் பற்றி அக்காள் விவரம் சொன்னாள். அவர் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர். கால் சுளுக்கியவர்கள் எல்லாம் அவரிடம் வராமல் டவுனுக்குப் போய்ச் சின்சேயிடம் கறுப்புக் களிம்பு பூசிக்கொண்டு வருவதில் அவருக்குத் தீராத எரிச்சல்.

“சின்சேன்னு யாராச்சும் சொன்னாலே எழுந்து போயிடுவாராம். நீ பேசாம இரு லா. உன் பகிடியெல்லாம் அங்க வேணாம். கம்பீரமா இருந்தா போதும்.”

நான் சட்டைக் காலரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

குவளைகள் விட்டுப்போன தடித்த வட்டங்களில் எட்டைச் சட்டை மறைத்தது. ஒன்பதாவது அப்படிப்பட்டதல்ல. கேசரித் தட்டை வாங்கக் குனிந்தபோது டிரெஸ்ஸரின் பார்வை என் கழுத்தடியில் வந்து உட்கார்ந்தது.

“தம்பி, இப்படி உள்ள வாங்க.”

பக்கத்து அறையில் மருந்துப் பெட்டி திறந்திருந்தது. சமையலறைக்குப் போகும் வாசலில் திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன. பெண்ணாகத்தான் இருக்க வேண்டும்.

“சட்டையைக் கழட்டுங்க. திரும்பி நில்லுங்க. கண்ண மூடிக்கங்க.”

அடுத்த கணம் முதுகில் ஓர் ஊசி குத்தியது. உயிர் போய் வந்தது. மாப்பிள்ளையின் தைரியத்தைச் சோதிக்கிறார் என்று முடிவு செய்தேன். திரைக்குப் பின்னால் பெண் வேறு நிற்கிறாள். அக்காள் சொன்ன கம்பீரத்தை முகத்தில் வரவழைத்துக்கொண்டு புன்னகை செய்தேன். ஊசி அடுத்த வட்டத்துக்குப் போனது.

“வலிக்குதா தம்பி?”

“கொஞ்சங்கூட இல்லீங்க ஐயா.”

“இங்க?”

“சுத்தமா இல்லீங்க.”

ஒன்பதுக்கும் அதே பதில். கண்ணைத் திறந்தபோது அவர் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிக்கொண்டிருந்தார். அக்காளைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார்.

“ஐயோ! எங்க குடும்பத்துல யாருக்குமே அந்த வியாதி இல்லீங்களே!” என்று அக்காள் அலறினாள்.

அப்போதுதான் புரிந்தது. வட்டமாகத் தடிப்பு, குத்தினால் உணர்ச்சியில்லை. அந்தக் காலத்தில் பெயர் சொல்லவே பயப்படும் தொழுநோய்க்குத் தோட்டத்து டிரெஸ்ஸர்கள் அப்படித்தான் சோதனை செய்வார்கள். அதில் நான் ஒன்பதுக்கு ஒன்பது வாங்கியிருந்தேன்.

“வலிச்சுதுங்க ஐயா! ஒவ்வொரு குத்தும் வலிச்சுது!”

அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். “எல்லாரும் மொதல்ல அப்படித்தான் தம்பி சொல்வாங்க. பயப்படாதீங்க, இப்ப நல்ல மருந்து வந்திருக்கு.”

உண்மையைச் சொன்னால் பெண் கிடையாது. சொல்லாவிட்டால் பெண்ணும் கிடையாது, ஊரும் கிடையாது. சொன்னேன்.

“சின்சே.”

பரிவு மறைந்தது. “இந்த வியாதியா இருந்தாக்கூட மருந்து குடுத்துடுவேன். சின்சேகிட்ட போற புத்திக்கு நான் எங்க போயி மருந்து தேடுறது?” என்று கதவைப் பார்த்து நடந்தார்.

அக்காள் இப்போது என்னைப் பார்த்த பார்வைக்கு ஊசியே மேல்.

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “அப்பா, இன்னொரு தடவ குத்திப் பாருங்களேன்.”

அவர் திரும்பி வந்து குத்தினார். நான் கத்திய கத்தலில் கொல்லைக் கோழிகள் கூரையில் ஏறின. திரை குலுங்கியது. உள்ளே யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம்.

குவளை வைத்த கதையை நான் சொல்லி முடித்ததும், “உணர்ச்சி இருக்கு,” என்று டிரெஸ்ஸர் ஒப்புக்கொண்டார். “ஆனா வெறும் கிளாசு இப்படிப் பண்ணும்னு சொன்னா நான் நம்பமாட்டேன். என் கண்ணால பாக்கணும்.”

அடுத்த ஞாயிறு காஜா பேராங்குக்கு வந்தார், விசாரணை அதிகாரியின் நடையில். சின்சே அவரிடம் ஒன்றும் கேட்காமல் மூன்று விரலால் மணிக்கட்டைப் பிடித்தார். கூரையைப் பார்த்தார். பிறகு அவருடைய இடது தோளை ஒரு விரலால் அழுத்தினார். டிரெஸ்ஸர் துள்ளினார். அந்தக் கையைத் தோளுக்கு மேல் தூக்கி வருஷமாகிவிட்டதாம்.

“ஆராய்ச்சிக்காகத்தான் பண்ணிக்கிறேன்,” என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றினார். சின்சே ஆறு குவளைகள் வைத்தார். ஆறு வட்டங்கள் வந்தன.

பஸ் நிறுத்தம் வரை அவரோடு நடந்தேன். பஸ்ஸில் ஏறும்போது இடது கையால் கம்பியைப் பிடித்தார். பிடித்த கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வைகாசியில நல்ல நாள் இருக்கான்னு உங்க அக்காவ பாக்கச் சொல்லுங்க,” என்றார். “இந்த விஷயம் தோட்டத்துல ஒரு ஆளுக்கும் தெரியக்கூடாது.”

வைகாசியில் கல்யாணம் நடந்தது. சில நாள் கழித்து, திரும்பக் குத்தச் சொல்ல எப்படி மனசு வந்தது என்று மனைவியிடம் கேட்டேன்.

“மொதல்ல நீங்க குத்துப்பட்டுக்கிட்டே சிரிச்சீங்களே, அதப் பாத்துப் பயந்துட்டேன்,” என்றாள். “அப்புறம் கத்துனீங்க பாருங்க, அப்பத்தான் சரி, இவரோட பொழச்சுக்கலாம்னு தோணுச்சு.”