அடியுங்கோ! – டுசல்டோர்ஃப் ஐஸ் அரங்கில் எங்கள் அம்மா

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும், "அந்த ஐஸ் ஹொக்கிக் கதையை எழுதினியளோ?" என்றுதான் உங்களில் பலர் கேட்பீர்கள். எழுதியிருக்கிறேன். அப்பா கலியாண வீடுகளில் சொல்லிச் சொல்லி நீங்கள் அறிந்த கதைதான். ஆனால் அதன் கடைசிப் பகுதி அப்பாவுக்கே தெரியாது. அம்மாவின் சொற்படி இன்று அதையும் எழுதுகிறேன். கொஞ்சம் பொறுங்கோ.

அம்மா உடுப்பிட்டியில் பிறந்தவர். இளம் வயதிலேயே தந்தையை இழந்து, தையல் வகுப்பு நடத்தித் தம்பிமாரைப் படிப்பித்தார். பள்ளிக்கூட மைதானத்தில் தம்பிமார் பந்தடித்தால் அம்மாவின் குரல் சந்தி வரை கேட்குமாம். அப்பா ஜெர்மனியில், ஆஹென் நகரில் பொறியியல் படித்து, டுசல்டோர்ஃபில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு தை மாதம், அம்மா கலியாணம் முடித்து இங்கே வந்து இறங்கினார்.

வந்ததோடு அந்தக் குரல் அடங்கிவிட்டது. தமிழ் பேசுபவர்கள் அப்போது இங்கே விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அம்மா கடையில் விரலால் காட்டித்தான் பாண் வாங்குவார். தப்பித் தவறி வாய் திறந்தால், முன்னால் நிற்பவர் காதைக் கிட்டக் கொண்டு வந்து, "வீ பிட்டே?" என்பார். என்ன சொன்னீர்கள் என்று அர்த்தம். அந்த இரண்டு சொல்லைக் கேட்டாலே அம்மாவுக்குக் கண் கலங்கிவிடும். அடுத்த மாரியில் நான் வயிற்றில் வந்தேன். தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போக விமான ரிக்கற்றும் எடுத்தாயிற்று. அதற்குப் பிறகுதான் அம்மா குண்டைப் போட்டார்.

"போனால் திரும்பி வரமாட்டன். என்னாலை ஏலாது. நீங்கள் வேணுமெண்டால் அங்கை வாங்கோ."

அப்பா ஆடிப் போய்விட்டார். நகரத்துக்கோ வேறு கவலை. எங்கள் ஐஸ் ஹொக்கி அணி சாம்பியன் பட்டத்துக்கான இறுதித் தொடருக்கு வந்துவிட்டது! மூன்று ஆட்டங்கள், இரண்டில் வெல்பவருக்குக் கோப்பை. கூட வேலை செய்தவர் அரங்குக்கு இரண்டு நுழைவுச்சீட்டுக் கொடுத்திருக்கிறார். "வீட்டை இருந்து மூக்கைச் சிந்துறதுக்கு அங்கை வந்து இரும்" என்று அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார்.

"இதென்ன, சண்டையோ விளையாட்டோ?" என்றாராம் அம்மா. அரை மணித்தியாலத்தில் இருக்கை நுனிக்கு வந்துவிட்டார். பதினேழாம் இலக்கக்காரன் மேல்தான் அவருக்குக் கண். "உந்தப் பிள்ளைக்கு என்ன பிடிச்சிருக்கு? கோல் வாசல்லை நிண்டுகொண்டு மற்றவனுக்குத் தள்ளி விடுது!" முதல் ஆட்டம் எங்களுக்கு. இரண்டாவது வெளியூரில். வானொலியில் அப்பா மொழிபெயர்க்க, பதினேழு மறுபடியும் அடிக்காமல் தள்ளி விட்டான், தோற்றோம். அம்மா வானொலியோடு சண்டை பிடித்தார்.

மூன்றாவது ஆட்டம் ஒரு ஞாயிறு பின்னேரம். விமானம் அந்தக் கிழமையே. நானும் அந்த ஆட்டத்துக்குப் போயிருந்தேன், நுழைவுச்சீட்டு இல்லாமல்! என்னாலே அம்மாவின் கோட்டுப் பொத்தான் பூட்ட முடியாமல் இருந்ததாம். இரண்டுக்கு இரண்டு. கடைசிப் பகுதி. அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்தக் கறுப்பு றப்பர் தட்டு பதினேழின் மட்டைக்கு வருகிறது. அவன் பக்கத்தில் பார்க்கிறான், பாவி, மறுபடியும் தள்ளி விடப் பார்க்கிறான்!

"அடியுங்கோ! தம்பி, அடியுங்கோ! அடியுங்கோ!"

முன்பின் தெரியாத ஆம்பிளையை "அடியடா" என்று சொல்ல அம்மாவுக்கு வராது. உச்சக்குரலில் கத்தினாலும் மரியாதை மரியாதைதான். ஒரு வருடமாக அடைபட்டுக் கிடந்த உடுப்பிட்டிக் குரல் அது. முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அம்மாவுக்கு ஒரு கணம் உயிரே போய்விட்டது. ஆனால் அவர் "வீ பிட்டே?" என்று கேட்கவில்லை. கையை உயர்த்தித் தானும் கத்தினார். அடுத்த வரிசை கத்தியது. பிறகு அந்தப் பக்கம் முழுக்க, பிறகு அரங்கம் முழுக்க! பதினேழு நிமிர்ந்தான், மட்டையை ஓங்கினான், அடித்தான். வலை குலுங்கியது. கோல்! கோப்பை எங்களுக்கு! யாரோ ஒரு கிழவி அம்மாவைக் கட்டிப் பிடித்தார், யாருடைய பியரோ அப்பாவின் முதுகால் வழிந்தது, அம்மா அழுது அழுது சிரித்தார்.

ட்ராமில் அம்மாவுக்கு வாய் ஓயவில்லை. "கேட்டியளே? அவ்வளவு சனமும் தமிழிலை கத்தினது! ரிக்கற்றைத் திருப்பிக் குடுங்கோ. பிள்ளை இங்கை பிறக்கட்டும்."

அப்பா உங்களுக்குச் சொன்ன கதை இதோடு முடியும். எனக்கு மட்டும், நான் வளர்ந்த பிறகு, மிச்சத்தையும் சொன்னார். பதினேழாம் இலக்கக்காரனின் செல்லப் பெயர் ஆடி. அம்மா இழுத்துக் கத்தியதில் "அடி" ஆடியாகிவிட்டது. சனத்துக்குக் கேட்டது "ஆடி உண்ட் கோ". "உண்ட்" ஜெர்மனில் இணைப்புச் சொல், "கோ" ஆங்கிலத்தில் போ. ஆடி, இனிப் போ என்று தங்கள் ஆளைத்தான் கூப்பிட்டுக் கத்தினார்கள்! "அம்மாட்டைச் சொல்லிப் போடாதை பிள்ளை. அவ தமிழுக்காகத்தான் நிண்டவ" என்று அப்பா கெஞ்சினார். தொலைக்காட்சியில் அந்தப் பெயர் வந்தால் இருமுவார், இல்லாவிட்டால் வேறு சனலுக்கு மாற்றுவார்.

அம்மாவோ ஜெர்மன் படித்து, சிறுவர் பள்ளியில் வேலை செய்து, பின்னாளில் போரால் வந்திறங்கிய பிள்ளைகளுக்கு கந்தோர், ஆஸ்பத்திரி என்று ஒவ்வொரு டெர்மினுக்கும் துணை போனவர். வாய் திறக்கத் தயங்கும் பிள்ளைகளிடம், "பிழையெண்டாலும் சத்தமாச் சொல்லும், பிறகு பாப்பம்" என்பார். அப்படிப்பட்டவரிடம் இதை மறைக்கலாம் என்று நம்பினாரே எங்கள் அப்பா!

கடைசி நாட்களில், அப்பா தேநீர் வாங்கப் போன நேரம் பார்த்து அம்மா என் கையைப் பிடித்தார்.

"அடுத்த நாள் காலமையே எனக்குத் தெரியும். அரங்கிலை என்னைக் கண்ட கீழ்வீட்டு மனுசி படியிலை மறிச்சு, 'ஆடி உண்ட் கோ! நீயும் எங்கடை ஆடியின்ரை ரசிகையோ?' எண்டு கேட்டவ. எனக்குத் தெரிஞ்ச அரைகுறை ஜெர்மனிலை ஆர் ஆடி எண்டன். பதினேழு எண்டா. நான் படியிலையே இருந்திட்டன்."

"பிறகேன் அம்மா நிண்டனீங்கள்?"

"மேலை வந்தன். அப்பா இன்னும் வேலைக்குப் போகேல்லை. ஆடியின்ரை பேர் போட்ட பேப்பரை அடுப்புக்குப் பின்னாலை ஒளிக்கிறார். என்னைக் கண்டதும் ஆளுக்கு வேர்த்துக் கொட்டுது. என்னை இங்கை வைச்சிருக்க இவ்வளவு பாடுபடுற மனுசனை விட்டிட்டுப் போறதே? ரிக்கற் மேசையிலைதான் கிடந்தது. நானே எடுத்து, திருப்பிக் குடுங்கோ எண்டு அவரின்ரை கையிலை குடுத்தன். நான் இருக்குமட்டும் சொல்லாதை. ஆண்டுத் திவசத்துக்கு மலர் அடிப்பியள்தானே, அதிலை எழுது."

அம்மாவைத் தாங்கிய மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், இரவு பகல் பாராமல் சமைத்துக் கொண்டு வந்து தந்த அயலவர்களுக்கும், இறுதிக் கிரியைகளில் கூட நின்ற உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அப்பா, மண்டபத்தின் முன்வரிசையில் இருந்து இதை வாசித்துக்கொண்டிருப்பீர்கள். இனி ஆடியின் பெயர் வந்தால் இரும வேண்டாம்.

– மூத்த மகள்