கேட்டுவிட்டு வாயை மூடும் பயிற்சி

யார் வீட்டு வாசலிலாவது நின்று, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல், "எங்களுக்கு உதவி வேணுங்க" என்று கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சபைக்கோ, விடுதிக்கோ, மாதர் சங்கத்துக்கோ அப்படி நின்றவர் என்றால் நீங்கள் நம்ம ஆள். கேட்பதும் ஒரு தொழில், அதையும் படித்துத்தான் செய்ய வேண்டும் என்பது எண்பதுகளில் திண்டிவனம் போன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

கெடாரில் எங்கள் சபை நடத்திய பால்வாடியில் நான் டீச்சர். மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, களை எடுக்கப் போகிற அம்மாக்கள் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். என் மகள் ரூபியும் அதுகளோடுதான் தவழ்ந்தாள். வெளிநாட்டிலிருந்து வந்த உதவி திடீரென்று நின்றுபோனது. கூரையோ நைந்து கிடந்தது. மழைக்கு முன்னால் ஓடு போடாவிட்டால் பால்வாடியை மூடிவிடுவதென்று சபைக் கமிட்டி முடிவு செய்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்து மெட்ராஸிலிருந்து சாமுவேல் சார் வந்து, சபைத் தலைவர்களுக்கும் தொண்டு செய்கிறவர்களுக்கும் நிதி திரட்டும் பயிற்சி நடத்தினார். ரூபியை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் பஸ் ஏறிவிட்டேன்.

பணக்காரி வேஷம்

முதல் நாளே சார், "யாராவது ஒருத்தர் பணக்காரரா உக்காருங்க, மத்தவங்க வந்து கேளுங்க" என்றார். வந்திருந்தவர்கள் எல்லாரும் கேட்டே பழகினவர்கள், கொடுக்கிற நாற்காலியில் உட்கார ஒருவருக்கும் கூச்சம் போகவில்லை. பிள்ளை அழுகிறதென்று நான் எழுந்து நின்றது வினையாகப் போயிற்று. "நீ வாம்மா" என்று என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

எனக்கு என்ன தெரியும்? கண்டாச்சிபுரம் சந்தையில் புளிக்காரரிடம் பேசுகிற மாதிரியே பேசினேன். விடுதி நடத்துகிற ஒரு பெரியவர் வந்து உருக்கமாகக் கேட்டார். "போன தடவை குடுத்தது இன்னா ஆச்சு? புள்ளைங்க நல்லா சாப்பிடுதுங்களா? அத மொதல்ல சொல்லுங்க" என்றேன். அவர் சார் பக்கம் திரும்பினார்.

"சார், நெஜப் பணக்காரங்களே தேவல. இந்தம்மாவ மாத்துங்க!"

சார் மாற்றவில்லை. அடுத்து நடத்திய விழுப்புரம் வகுப்புக்கும் என்னையே கூட்டிக்கொண்டு போனார். பஸ் செலவும் மதியச் சாப்பாடும் பயிற்சிக் கணக்கில். பணக்காரியாக இருப்பதில் எவ்வளவு சந்தோஷம்!

துணிக்கடையில் ஜெபம்

எங்கள் போதகர் யேசடியான் ஐயாவும் பயிற்சிக்கு வந்திருந்தார். தங்கமான மனுஷர். நிஜமாகவே போய்க் கேட்டுப் பழக வேண்டுமென்று சார் எங்களைத் திண்டிவனம் கடைத்தெருவுக்கு அனுப்பினார். ஒரு துணிக்கடை முதலாளி எங்களை உட்காரச் சொல்லி, "சொல்லுங்க" என்றார். சொல்ல வேண்டியதுதானே? ஐயா, "முதல்ல ஒரு வார்த்தை ஜெபிப்போம்" என்று கண்ணை மூடினார்.

ஒரு வார்த்தையா அது? வானத்தையும் பூமியையும் உண்டாக்கினதில் ஆரம்பித்து, முதலாளி, அவர் குடும்பம், கடையில் துணி எடுத்தவர்கள், இனிமேல் எடுக்கப்போகிறவர்கள் வரைக்கும் போய்விட்டது. நானும் மரியாதைக்குக் கண்ணை மூடியிருந்தேன். ஆமென் சொல்லிப் பார்த்தால் எதிரே முதலாளியைக் காணோம். கணக்குப்பிள்ளைதான் துணியை மடித்துக்கொண்டே சொன்னார்:

"மொதலாளி அப்பவே சாப்புடப் போயிட்டாருங்க. நீங்க தூங்கிக்கினு இருக்கீங்கன்னு எழுப்பல."

பெப்பர்மிண்ட்

சார் சொல்லிக்கொடுத்த முக்கியமான பாடம் இதுதான்: இன்னது வேண்டும் என்று தெளிவாகக் கேள், கேட்டுவிட்டு வாயை மூடு. அடுத்த பேச்சு கொடுக்கிறவருடையது. பிரசங்கம் பண்ணிப் பழகினவர்களுக்கு இதைப்போல ஒரு தண்டனை கிடையாது.

விழுப்புரம் வகுப்பில் யேசடியான் ஐயா என் முன்னால் வந்து, "அம்மா, எங்க பால்வாடிக்கு ஓடு வேணும். நீங்கதான் தரணும்" என்றார். கணீரென்று! நான் வேண்டுமென்றே மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தேன். ஐயாவால் தாங்க முடியவில்லை. "முழுசும் முடியலன்னா பாதி குடுங்க. அதுவும் சிரமம்னா அடுத்த வருஷம் பாக்கலாம். இல்லன்னா ஜெபத்துல நெனச்சுக்குங்க, போதும்" என்று கேட்டதையும் அவரே தள்ளுபடி செய்துவிட்டார். வகுப்பே சிரித்தது. கேட்டவுடன் வாயில் போட்டுக்கொள்ள சார் அவருக்கு ஒரு பெப்பர்மிண்ட் கொடுத்தார்.

"ஞாயித்துக்கிழம சபை சும்மா இருக்கும், நான் பேசுவேன். இங்க நான் சும்மா இருக்கணும்னா, மதம் மாறுன மாதிரி இருக்குது சார்!"

ஒரே பூசணிக்காய்

யாரைக் கேட்கப்போகிறீர்கள் என்று சார் கேட்டபோது எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னோம்: சபைக்காரர்களை. எங்கள் அறுப்புப் பண்டிகை ஏலம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். காணிக்கையாக வந்த பூசணிக்காயை ஒருவர் ஏலம் எடுப்பார், எடுத்ததைச் சபைக்கே திருப்பிக் கொடுப்பார், அதையே இன்னொருவர் எடுப்பார். சுற்றிச் சுற்றி அதே கூலிக்காரக் கைகள்தான். "உங்க பால்வாடியால வேற யாருக்குப் பிரயோஜனம்?" என்று சார் கேட்டார்.

சட்டென்று எனக்கு ரைஸ்மில் கோவிந்தசாமி ஐயா ஞாபகம் வந்தது. பிள்ளைகளை நாங்கள் பார்த்துக்கொள்வதால்தானே அவர் நிலத்துக்கு வேலையாட்கள் விடிந்ததும் போகிறார்கள்! குதித்துக்கொண்டு ஊருக்கு வந்து, பால்வாடியில் சமைக்கிற செல்வராணி அக்காவிடம் சொன்னேன். அக்கா கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை.

"அவரு மாரியம்மன் கோயில் தர்மகர்த்தாடி. மாதாகோயிலுக்குக் குடுப்பாரா? போ, போயி நல்லா வாங்கிக் கட்டிக்கினு வா!"

மில் வாசலில்

போனோம். நான், ரூபி, பையில் பெப்பர்மிண்ட்டோடு யேசடியான் ஐயா. மேற்கே மேகம் கட்டியிருந்தது. இந்தத் தடவை நான் நாற்காலியில் இல்லை, வாசலில் அல்லவா நிற்கிறேன்!

"ஐயா, உங்க நெலத்துல வேல செய்யிற பொம்பளைங்க புள்ளைங்க எங்ககிட்டதான் இருக்குதுங்க. மழைக்கு முன்னாடி கூரைக்கு ஓடு போடலன்னா பால்வாடிய மூடிடுவாங்க. அந்த ஓட்டை நீங்க வாங்கித் தரணும்."

வாயை மூடிக்கொண்டேன். யேசடியான் ஐயா பெப்பர்மிண்ட்டைப் போட்டுக்கொண்டார். கோவிந்தசாமி ஐயா துண்டால் முகத்தைத் துடைத்தார். மேகத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பக்கத்தில் போதகர் பெப்பர்மிண்ட்டை நறநறவென்று கடித்து முடித்துவிட்டார். "பாதி" என்று சொல்லிவிடப் போகிறாரோ என்று அவர் காலை மெல்ல மிதித்தேன். ரூபி மட்டும் தவிட்டை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துத்தான் கோவிந்தசாமி ஐயாவுக்குச் சிரிப்பு வந்தது.

"நாளைக்கே டிராக்டர் அனுப்பறேன். இத்தினி வருஷமா உங்க ஆளு ஒருத்தரும் என் வாசப்படி ஏறல. என் கையால வாங்க மாட்டீங்கபோலன்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

மழை வந்தபோது பிள்ளைகள் ஓட்டுக்குக் கீழே நிம்மதியாகத் தூங்கின. கொடுக்கிறவருக்கும் கேட்கிற நாள் ஒன்று வரத்தான் செய்கிறது என்பது, ஒரு மதியம் அதே கோவிந்தசாமி ஐயா எங்கள் பால்வாடி வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று நின்றபோது எனக்குப் புரிந்தது: "ஏம்மா, திருவிழா வசூலுக்கு வாயத் தொறந்து கேக்கத் தெரியாம எங்க கமிட்டிக்காரனுங்க முழிச்சிக்கினு நிக்கிறானுங்க, போதகர் எல்லாம் சொன்னாரு, ஒருநாள் கோயிலாண்ட வந்து அந்தப் பணக்காரி வேஷத்த எங்களுக்கும் கொஞ்சம் கட்டேன்!"