காலம் கடந்த பூட்ஸ்

மின்னா கெஸ்லருக்கு சினிமா என்றாலே இளக்காரம். இருபது வருடம் நியூயார்க் நாடகங்களுக்கு உடை தைத்தவள். எந்த ராஜா காலத்து அங்கிக்கு எத்தனை பொத்தான் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். புருஷன் செத்துப்போய், நாடகக் கம்பெனியையும் இழுத்து மூடிய பிறகு, வேறு வழியில்லாமல் ஆற்றைக் கடந்து ஃபோர்ட் லீயில் ஊமைப்படம் எடுக்கிற இந்தக் கண்ணாடிக் கூரைக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தாள்.

டைரக்டர் பென்னிங்டனுக்கு, எழுநூறு பக்க நாவலைப் பன்னிரண்டே நிமிடத்தில் காட்டிவிடுவதாக ஜம்பம். அந்த ஆள் படித்தது அட்டையை மட்டும்தான் என்பது மின்னாவின் கணிப்பு.

இந்த முறை நாவலில் ஒரு பேராசிரியர் முந்நூறு வருடம் பின்னால் போகிறார். நடிகன் லாரன்ஸ் பிட்கின் அலமாரி முன்னால் கையைத் தூக்கியபடி நிற்பான். காமிராவை நிறுத்துவார்கள். அவன் அசையாமல் நிற்க, மின்னா ஓடிப்போய் கோட்டைக் கழற்றிக் கவசத்தை மாட்டுவாள். அலமாரியை நகர்த்திவிட்டு வரைந்த காட்டை வைப்பார்கள். காமிரா மறுபடி ஓடும். இவர்களுடைய காலப் பயணம் அவ்வளவுதான்.

பிட்கினுக்கு அசையாமல் நிற்பது ஒன்றுதான் வராது. முதல் தடவை தும்மினான். அடுத்த தடவை முதுகைச் சொறிந்தான். திரையில் பேராசிரியர் ஒரு முழம் துள்ளிக்கொண்டு போனார். மின்னா தள்ளிவிட்டாள் என்று கூசாமல் பழியை அவள் மேல் போட்டான்.

"இன்னொரு தடவ ஆள் நகர்ந்தா, சனிக்கிழமையோட நீங்க கிளம்பிடலாம் மிஸஸ் கெஸ்லர்," என்றார் பென்னிங்டன்.

ஐம்பத்திரண்டு வயதில் வேறு யார் வேலை தருவார்கள்? மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் வந்து, பிட்கினின் பூட்ஸை, அவன் நிற்க வேண்டிய இடத்தில் போட்டிருந்த சுண்ணாம்புக் குறியின்மேல் வைத்துத் தரையோடு ஆணி அடித்துவிட்டாள்.

"என்ன இது, குதிரைக்கு லாடம் அடிக்கிற மாதிரி?" என்றான் பிட்கின்.

"குதிரை சொன்னா கேக்கும் மிஸ்டர் பிட்கின். கால உள்ள விடுங்க."

பாதிக் கவசம் மாட்டும்போது கூரைக்கு மேல் மேகம் வந்து வெளிச்சத்தை மறைத்தது. வெயில் திரும்ப நாற்பது நிமிடம் ஆனது. அத்தனை நேரமும் அவன் திட்டித் தீர்த்தான். ஆனால் நகரவில்லை.

மூன்று வாரம் கழித்து மின்னா அந்தப் படத்தைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தாள். கோட்டு மறைந்து கவசம் வந்தது. ஆள் நூலளவும் நகரவில்லை. ஜனங்கள் கைதட்டினார்கள். அவள் கண் கீழே போனது. முந்நூறு வருடத்துக்கு முந்தைய வீரனின் காலில், போன மாதம் கடையில் வாங்கிய பூட்ஸ் பளபளத்தது. ஆணி அடித்தபோது, அதையும் மாற்ற வேண்டியிருக்கும் என்று அவள் யோசிக்கவே இல்லை.

அவளுக்கு உடம்பு கூசிப்போனது. ஒரு பொத்தான்கூடத் தப்பாத கை அது. பக்கத்தில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. உடைகள் அந்தக் காலத்தையே கண்முன் கொண்டுவந்தன என்று மறுநாள் பத்திரிகைக்காரன் வேறு எழுதியிருந்தான். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

"பிரமாதம் மிஸஸ் கெஸ்லர். இனிமே எல்லாப் படத்துக்கும் இப்படியே ஆணி அடிச்சிடுங்க," என்றார் பென்னிங்டன்.

பூட்ஸைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். சனிக்கிழமை ஞாபகம் வந்தது.

"சரி மிஸ்டர் பென்னிங்டன்," என்றாள். ஆணி டப்பாவை எடுத்துக்கொண்டு திரும்பியபோது, இத்தனை நாள் அந்த ஆள் மேல் இருந்த இளக்காரம் அவளுக்குத் தன் மேலேயே வந்துவிட்டது.