சைலன்சரில் கவிழ்த்த டப்பா

இறந்துபோன தம்பியின் பழைய டிராக்டரை வாங்க இன்று கொட்டாம்பட்டியிலிருந்து ஒருவர் வந்தார். ஓடினால்தான் எடுப்பாராம்.

சாவியைத் திருப்பினேன். வண்டி கரும்புகை கக்கிவிட்டு அணைந்தது.

ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் என்று வரிசையாகப் பார்த்தேன். நான்தான் எதையோ கெடுத்துவிட்டேனோ என்று பயம்.

தம்பி மனைவி சொன்னாள்: "மாமா, மழைத்தண்ணி எறங்காம சைலன்சர்ல பெயிண்ட் டப்பாவக் கவுத்துவாக. அவுக போனப்புறம் யாரு கவுத்துனா?"

சைலன்சரைக் கழற்றினேன். தேங்காய் நாரில் ஒரு காலி அணில் கூடு.

எடுத்ததும் புகை தெளிந்தது.

"அணில் வீட்டுக்கும் சேத்தா அண்ணே வெல?" என்றார் வந்தவர்.

வண்டி போனது. வருத்தமாகக்கூட இல்லை.

மாலையில் தூறல் விழுந்தது. டப்பாவைத் தேடி எடுத்துக்கொண்டு காலிக் கொட்டகையில் போய் நின்றேன்.

டிராக்டர் வைத்திருக்கும் நண்பர்களே, யாருக்காவது டப்பா வேண்டுமா?